போடுங்கள், காதால் கேளுங்கள்: ஈர்ப்பு விசையையும் காற்றுத் தடையையும் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துப் பிள்ளைகள் செம்பனைக் குலை தரையில் மோதும் சத்தத்தைக் கேட்டே வளர்கிறார்கள். தென்னை மட்டை சரிந்து விழுவதையும் லாலாங் புல்லின் பூ காற்றில் மிதந்து போவதையும் தினமும் பார்க்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஒரு முழுக் குலையும் ஓர் உதிரிப் பழமும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விழுந்தால், எது முதலில் தரைக்கு வரும்? "குலைதான், அதுதான் கனம்லா" என்று பதில் வரும். பெரியவர்களைக் கேட்டாலும் பலருக்கு அதே பதில்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரும்பாலோர் அதை நம்பினார்கள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தரைக்கு வரும். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நீங்கள் சொன்னதைத் தேர்வில் எழுதிவிட்டு, மறுநாள் பழைய எண்ணத்துக்கே அது திரும்பிவிடும். அதனால் கீழே வரும் எந்தச் சோதனையிலும் விடையை முதலில் சொல்லாதீர்கள். பிள்ளை பந்தயம் கட்டட்டும், அப்புறம் பொருளைப் போடுங்கள். தன் வாயால் சொன்னது தப்பாகிப் போகும்போதுதான் பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்.

தொடங்கும் முன்

முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. நம் வெக்கையில் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான படி, ஆனால் விசிறி ஓடினால் தாளும் காகிதக் கிண்ணமும் சொன்னபடி கேட்காது. காலையில் வெயில் ஏறுமுன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் மழை பெய்து ஓய்ந்த மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சன்னலையும் சாத்திவிடுங்கள்.

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: எதைப் போடுகிறோம், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது. நடுப் பத்தியை எழுதி முடிக்காமல் எதையும் கீழே போடக்கூடாது. இந்தச் சட்டத்தில் மட்டும் கறாராக இருங்கள். வீட்டில் அக்கா, தம்பி என்று இரண்டு மூன்று பேர் இருந்தால் ஆளுக்கொரு நடுப் பத்தி. ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிப் பார்க்கக்கூடாது.

தேவையான பொருள்கள்: ஒரே அளவு மினரல் தண்ணீர்ப் போத்தல் மூன்று, ஏ4 தாள், கேக் சுடும் காகிதக் கிண்ணம் ஒரு கட்டு, தைக்கும் நூலைவிடக் கொஞ்சம் தடித்த நூல், இரும்பு நட்டு பத்து, பிஸ்கட் டின் ஒன்று, 30 செ.மீ அடிக்கோல், பிளாஸ்டிக் பை. கேக் கிண்ணம் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், நட்டு எந்த இரும்புக் கடையிலும் உண்டு. மற்றவை வீட்டிலேயே இருக்கும்.

நாற்காலியில் ஏறுவது பெரியவர் வேலை. மாடி வீடாக இருந்தாலும் பிள்ளையைப் பால்கனியிலோ சன்னலிலோ நின்று எதையும் போட விடாதீர்கள். இங்குள்ள எல்லாச் சோதனைக்கும் இரண்டு மீட்டர் உயரம் போதும்.

இரண்டு போத்தல்

ஒரு போத்தலில் தண்ணீரை முழுக்க நிரப்புங்கள். இன்னொன்றில் பாதி. மூடியை இறுக்கி, பிள்ளையின் இரண்டு கையிலும் கொடுத்துக் கனத்தை உணரச் சொல்லுங்கள். பந்தயம் எழுதியாகட்டும்.

இப்போது நீங்கள் நாற்காலியில் நின்று, இரண்டு போத்தலின் அடிப்பாகமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பிடியுங்கள். பலர் மேல்பக்கத்தைப் பார்த்து மட்டம் பிடிக்கிறார்கள். முதலில் தரையைத் தொடுவது அடிதான், ஆகவே அடியைப் பாருங்கள். கீழே பழைய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்து வையுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, விடுங்கள்.

எத்தனை சத்தம் கேட்டது? கையை ஒழுங்காக விட்டிருந்தால் ஒன்றுதான் கேட்கும். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் "பெரிசுதான் மொதல்ல வந்துச்சு" என்று சாதிக்கும் பிள்ளைகூட, காதால் கேட்டதை மறுக்காது. கண் தான் எதிர்பார்த்ததைப் பார்த்துவிடும். காதை அப்படி ஏமாற்ற முடியாது. 1586-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சைமன் ஸ்டெவின் இதைத்தான் செய்தார். ஒன்று மற்றதைப்போலப் பத்து மடங்கு கனமுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை முப்பது அடி உயரத்திலிருந்து ஒரு பலகையில் விழவிட்டு, இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டதாக எழுதினார்.

கலிலியோ பீசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டு போட்ட கதையை எல்லாரும் சொல்வார்கள். அவர் உண்மையிலேயே அங்கிருந்து போட்டாரா என்பதில் வரலாற்று அறிஞர்களுக்கே சந்தேகம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோபுரத்தின் படம் தேவையில்லை, பக்கத்திலேயே தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரம் நிற்கிறது. வெளியே எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ளே மூன்றுதான். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, அதன் 25 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு குண்டு விழ எவ்வளவு நேரமாகும் என்று பின் இருக்கையில் விவாதம் தொடங்கி வையுங்கள். விடை: இரண்டேகால் நொடி.

பிள்ளை அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி இது: "கனமானதைப் பூமி அதிகமா இழுக்கும்தானே?" ஆமாம், அதிகமாகத்தான் இழுக்கும். ஆனால் கனமானதை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கஷ்டம். ஒரு குலை ஏற்றிய தள்ளுவண்டியை ஒருவர் தள்ளுகிறார். பத்துக் குலை ஏற்றியதைப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் வேகம் எடுக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மூன்றாவது போத்தலைக் காலியாகவே மூடி, முழுப் போத்தலோடு போட்டுப் பாருங்கள். இப்போது சத்தம் லேசாகப் பிளந்து கேட்கலாம். காரணம் கேட்டால், "பிறகு சொல்கிறேன்" என்று நிறுத்திவிடுங்கள். காற்றின் வேலை அது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நட்டுக் கயிறு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். உறுமி மேளத்துக்குத் தலையாட்டும் பிள்ளைக்கு ஈர்ப்பு விசையைத் தாளமாகவே கேட்க வைக்கலாம்.

1. இரண்டு மீட்டர் நூல் இரண்டு வெட்டுங்கள். இரண்டின் நுனியிலும் ஒரு நட்டைக் கட்டுங்கள்.

2. முதல் நூலில், அந்த நுனி நட்டிலிருந்து 40, 80, 120, 160 செ.மீ தூரத்தில் ஒவ்வொரு நட்டு. எல்லா இடைவெளியும் சமம்.

3. இரண்டாவது நூலில் 10, 40, 90, 160 செ.மீ தூரத்தில். எல்லா அளவையும் நுனி நட்டிலிருந்தே எடுக்க வேண்டும். முந்தின நட்டிலிருந்து எடுத்தால் தாளம் கெட்டுவிடும்.

4. பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வையுங்கள். நுனி நட்டு டின்னை லேசாகத் தொடும்படி நூலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, விடுங்கள்.

போடும் முன் கேளுங்கள்: எந்த நூல் ஒரே சீராகத் தட்டும்? "சமமா கட்டினதுதான்" என்பார்கள். சமமாகக் கட்டியது டக்... டக்.. டக்.டக் என்று நெருங்கிக்கொண்டே போகும். கோணல்மாணலாகக் கட்டியதுதான் டக், டக், டக், டக் என்று சீராக விழும். அந்தத் தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் 0.14 நொடி.

ஏன் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க, இரண்டாவது நூலின் இடைவெளிகளை அளக்கச் சொல்லுங்கள். 10, 30, 50, 70. அதாவது 1, 3, 5, 7. ஒரே நேரத் துண்டில் முதலில் ஒரு பங்கு, அடுத்ததில் மூன்று பங்கு, அப்புறம் ஐந்து. விழும் பொருள் போகப்போக வேகம் எடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கலிலியோ கண்டுபிடித்து 1638-இல் வெளியிட்டது இந்த ஒற்றைப்படை வரிசைதான். அவர் காலத்தில் நேராக விழும் பொருளின் நேரத்தை அளக்க வசதியில்லை. ஆகவே சாய்வுப் பலகையில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார்.

எண்ணாகச் சொன்னால், விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவு கூடுகிறது. பத்து மீட்டர் மரத்திலிருந்து வரும் குலை ஒன்றரை நொடிகூட எடுக்காது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அப்பா குலை வெட்டப் போகும்போது தலைக்கவசம் போடுவதும், வெட்டியவுடன் ஒதுங்கி நிற்பதும் எதற்கு என்று பிள்ளைக்கு அப்போது புரியும்.

இங்கே ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்து இதையெல்லாம் அளக்க முயலாதீர்கள். இரண்டு மீட்டர் விழ 0.64 நொடிதான் ஆகிறது. உங்கள் கட்டை விரல் அழுத்தவே 0.2 நொடி போய்விடும். அளந்தே ஆக வேண்டும் என்றால் காணொளி எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எண்ணுங்கள். நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஏறக்குறைய 19 வரும்.

சுண்டிய காசு

சின்னச் சோதனை, ஆனால் பிள்ளைகள் விடமாட்டார்கள். மேசை ஓரத்தில் அடிக்கோலைச் சாய்வாக வைத்து, ஒரு முனையை வெளியே நீட்டுங்கள். நீட்டிய முனையின் மேல் ஒரு 20 காசு. மேசை விளிம்பில், அடிக்கோலை ஒட்டி இன்னொரு 20 காசு. நடுவில் விரலால் அழுத்திக்கொண்டு அடிக்கோலைச் சட்டென்று சுண்டினால், மேசையிலிருந்த காசு தூரப் பறக்கும், முனையிலிருந்தது நேராகக் கீழே விழும். இரண்டும் தரையைத் தொடும் சத்தம் ஒன்றாகக் கேட்கும். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கீழே இழுப்பது குறையாது.

தாளும் புத்தகமும்

இனிக் காற்றின் முறை. ஏ4 தாள் இரண்டு எடுத்து, ஒன்றை இறுக்கமாகக் கசக்குங்கள். இரண்டும் ஒரே கனம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். ஒன்றாகப் போட்டால் கசக்கியது நேராக வரும், விரிந்தது ஆடி ஆடி வரும். கனம் மாறவில்லை, ஈர்ப்பு மாறவில்லை, வடிவம்தான் மாறியது. "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று" என்ற பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்து, புத்தகத்தைவிடச் சின்னதாக வெட்டிய தாளைப் புத்தகத்தின் மேல் வைத்து, படுக்கை வசமாகப் போடுங்கள். தாள் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். புத்தகம் காற்றை விலக்கி வழிவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை, "புத்தகத்துக்குப் பின்னாடி வர்ற காத்து தாளைச் சேர்த்துப் பிடிச்சிருக்கலாமே?" என்று மடக்கலாம். நியாயமான கேள்வி, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கசக்கிய தாளைப் புத்தகத்தோடு தனித்தனியாகப் போட்டுக் காட்டினால் அந்தச் சந்தேகம் தீரும்.

கேக் கிண்ணம்

இத்தனை நேரம் "கனம் கணக்கில்லை" என்று படித்த பிள்ளையை மறுபடி குழப்புவது இந்தச் சோதனை. குழப்பம் நல்லது, பயப்படாதீர்கள்.

ஒரு காகிதக் கிண்ணத்தை ஒரு கையிலும், நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மறு கையிலும் பிடியுங்கள். வாய் மேலே பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வடிவம். ஒரே உயரத்திலிருந்து போடுங்கள். நான்கு அடுக்கு தெளிவாக முதலில் விழும். "அப்போ கனமானது மொதல்ல விழுதே!" என்று வீடே அதிரும்.

ஆமாம், விழுகிறது. காற்று இல்லாத இடத்தில் ஒன்றாகவே விழும். காற்று இருக்கும் இடத்தில் மேலே தள்ளும் விசை ஒன்று சேர்ந்துகொள்கிறது. வேகம் கூடக்கூட அந்தத் தள்ளலும் கூடும். ஒரு கட்டத்தில் காற்றின் தள்ளல் பொருளின் கனத்துக்குச் சமமாகிவிடும். அதற்குப் பிறகு வேகம் ஏறாது, அதே வேகத்தில் இறங்கும். ஒற்றைக் கிண்ணத்துக்கு அந்தக் கட்டம் சீக்கிரமே வந்துவிடுகிறது. நான்கு அடுக்கு இன்னும் வேகம் எடுத்த பிறகுதான் காற்று அதைச் சமாளிக்கிறது. காலிப் போத்தல் பின்தங்கியதும் இதே காற்றால்தான். இப்போது அந்த விடையையும் சொல்லலாம்.

எவ்வளவு வேகம் என்று பார்க்க, சுவரில் 1 மீட்டரிலும் 2 மீட்டரிலும் டேப் ஒட்டுங்கள். ஒருவர் ஒற்றைக் கிண்ணத்தை 1 மீட்டரிலிருந்தும், இன்னொருவர் நான்கு அடுக்கை 2 மீட்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் விடட்டும். ஏறக்குறைய ஒன்றாகத் தரையைத் தொடும். நான்கு மடங்கு கனம், இரண்டு மடங்கு வேகம். முதல் தடவையே சரியாக வராவிட்டால் மறுபடி போடுங்கள். கிண்ணம் சாய்ந்து விழுந்த முறைகளை எழுத வேண்டாம்.

மழை வந்தால் இதையே நீட்டிச் சொல்லலாம். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் துளியைக் காற்று தடுக்காவிட்டால் அது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் தகரக் கூரையைத் தாக்கும். காற்று இருப்பதால் பெரிய துளிகூட மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சத்தில்தான் விழுகிறது.

பாராசூட்டும் சிறகு விதையும்

பிளாஸ்டிக் பையை 30 செ.மீ சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் 30 செ.மீ நூல் கட்டி, நான்கையும் சேர்த்து இரண்டு நட்டுகளைத் தொங்கவிடுங்கள். ஆடிக்கொண்டு வந்தால் நடுவில் விரல் நுழையாத அளவு ஓட்டை போடுங்கள், அடங்கிவிடும். அதே நட்டுகளோடு 20 செ.மீ சதுரம் ஒன்று, 40 செ.மீ ஒன்று செய்து ஒப்பிடுங்கள். நூலின் நீளத்தையும் நட்டையும் மாற்றாதீர்கள். பையை மடக்கி மேலே எறிந்து விளையாடத் தொடங்கினால், பாடம் முடிந்தது என்று விட்டுவிடுங்கள். மூன்று வயதுத் தம்பி தங்கை இருந்தால் பிளாஸ்டிக்கை உடனே எடுத்து வைத்துவிடுங்கள்.

சாலையோர ஆங்சானா மரத்தடியில் வட்டமான காய்கள் கிடக்கும். நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய சிறகு. காய்ந்தவற்றில் இரண்டு எடுத்து, ஒன்றின் சிறகைக் கத்தரித்துவிட்டு இரண்டையும் போடுங்கள். சிறகுள்ளது மெதுவாக இறங்கும். அந்த நேரத்தில் காற்று அதைத் தாய்மரத்தின் நிழலிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். பால்மரக் (ரப்பர்) கொட்டைக்குச் சிறகு கிடையாது. அது வேறு வழி பார்க்கிறது: வெயிலில் காய் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். அந்தக் கொட்டையைத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைக்கும் விளையாட்டை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளி நோட்டுப் பந்தயம்

ஒரு வெள்ளி நோட்டை நெடுக்கு வசமாகத் தொங்கவிட்டு, அதன் நடுப்பகுதியில், தொடாமல், பிள்ளையின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் இருக்கட்டும். "பிடித்தால் உனக்கு" என்று சொல்லி, எச்சரிக்காமல் விடுங்கள். பாதி நோட்டு 6 செ.மீ, அது விழ 0.11 நொடி. மனிதக் கைக்கு அது போதாது. உங்கள் பணம் பத்திரம், பிள்ளை நீங்கள் விடுமுன்பே ஊகித்து விரலை மூடாத வரை.

அடுத்து அடிக்கோலை வைத்துச் செய்யுங்கள். சுழியக் (0) கோடு பிள்ளையின் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பிடித்த இடம் 10 செ.மீ என்றால் 0.14 நொடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. ஈர்ப்பு விசையே இங்கே கடிகாரம். தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைப் போத்தல், வெளியில்

இதை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். போத்தலின் அடிப்பக்கம் சூடான ஆணியால் ஓர் ஓட்டை போடுங்கள் (பெரியவர் மட்டும்). விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். இப்போது போத்தலைக் கையிலிருந்து விடுங்கள். விழும் நேரத்தில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றுவிடும். போத்தலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால், தண்ணீருக்குப் போத்தலை அழுத்தக் கனம் இல்லை.

விண்வெளி வீரர் மிதப்பதும் இதனால்தான். 2007 அக்டோபரில் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். "அங்கே ஈர்ப்பு சக்தியே இல்லை" என்று பிள்ளைகள் சொல்வார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் வீரரும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள், ஓட்டைப் போத்தலும் தண்ணீரும் விழுந்ததைப் போலவே.

நிலாக் காணொளியைக் கடைசிக்கு வையுங்கள். 1971 ஆகஸ்ட் 2-இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலாவில் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. இதை முதலில் காட்டிவிட்டால் பிள்ளை விடையை மனப்பாடம் செய்துகொள்ளும், பந்தயத்தில் சுவை போய்விடும். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, ஸ்காட் கையை விடுமுன் காணொளியை நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தின் நடுப் பத்தியை எழுதச் சொல்லுங்கள். கையோடு இன்னொரு கேள்வியும் போடுங்கள்: இதே சுத்தியலையும் இறகையும் நம் வீட்டுக் கூடத்தில் விட்டால்?